மூன்று வருடமாக ஒரு மியூசிக் லைப்ரரி: தவிலுக்கும் யோகாவுக்கும் என்ன சம்பந்தம்?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பன் போன வாரம் வாட்ஸப்பில் கேட்டான், "மச்சான், நீ மியூசிக் போடுற அந்த லைசென்சிங் லைப்ரரியில நானும் சேரவா?" ஒரு சொல்லில் முடிக்க நினைத்து, பதினைந்து நிமிட வொய்ஸ் நோட்டில் ஏசி முடித்தேன். அதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம். வீடியோ, விளம்பரம் செய்கிறவர்கள் பின்னணி இசையைப் பாவிக்கும் உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கும் இணையத்தளம் அது. வெளிநாட்டு லைப்ரரி, சந்தா இல்லை, வேறு இடத்திலும் விற்கலாம், விற்றால் பாதி நமக்கு.

இதுவரை 41 துண்டுகள் போட்டிருக்கிறேன், விற்றது 6. முதலாவது விற்கவே 14 மாதம் ஆனது. அதற்கெல்லாம் எனக்குக் கோபமில்லை, இந்தத் தொழிலில் அது வழக்கம்தான்.

கோபம் ஒரு பெட்டிமேல். தரவேற்றும்போது "உலக இசை" என்று தெரிவுசெய்தால் பிரதேசம் கேட்கும், கட்டாயம் நிரப்பவேண்டும். ஆபிரிக்கா இருக்கிறது, மத்திய கிழக்கு இருக்கிறது, நமக்கு மட்டும் "இந்தியா/பாலிவுட்". நண்பர் ஒருவர் தவில் வாசித்து, நான் நாதஸ்வரத்தைச் சேர்த்துச் செய்த துண்டை வேறு வழியில்லாமல் அதில் போட்டேன். அங்கே உள்ளவர்கள் தங்கள் பங்குக்கு "சித்தார், யோகா, கல்யாணம்" என்று குறிச்சொற்களை ஒட்டிவிட்டார்கள். அதில் சித்தார் எங்கே ஐயா? சித்தார் தேடி வருகிறவன் மூன்று செக்கனில் தவில் அடியைக் கேட்டு ஓடிவிடுவான், யோகாக்காரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏழு மின்னஞ்சல் போட்டேன். ஏழு முறையும் மரியாதையாக நன்றி சொன்னார்கள். பெட்டி அப்படியே இருக்கிறது.

ஒரு நல்லதையும் சொல்லவேண்டும். அவர்களின் தரச் சோதனை அருமை. ஒருமுறை "1:12இல் ஏதோ ஓர் இரைச்சல்" என்று திருப்பி அனுப்பினார்கள். என் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். நூறு தடவை கேட்டும் எனக்கு அந்த ரயில் கேட்கவில்லை, காது அவ்வளவு பழகிவிட்டது. இப்போது ரயில் நேரம் பார்த்துத்தான் மைக்கைப் போடுகிறேன்.

ஒரு நாள் கோபத்தில் அதே தவில் துண்டை "உலக இசை"யிலிருந்து தூக்கி, "பதற்றம், தாளம், மெல்ல ஏறுவது" என்று வேறு பிரிவில் போட்டேன், வேகத்தையும் பிபிஎம் கணக்கில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்று, சரியாக எழுதினேன். பிரதேசம் கேட்கவே இல்லை! வீடியோ வெட்டுகிறவர்கள் ஊரைத் தேடுவதில்லை, காட்சிக்கு வேண்டிய உணர்ச்சியையும் வேகத்தையும்தான் தேடுகிறார்கள் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஐந்தாவது வாரம் ஒரு ஜிம் விளம்பரத்துக்கு விற்றது. வாங்கியது எதை? நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு வெறும் தவில் மட்டும் உள்ள 30 செக்கன் பதிப்பை. நான் இரண்டு இரவு உட்கார்ந்து திருத்திய நாதஸ்வரம் யாருக்கும் தேவைப்படவில்லை.

என் பேச்சை மீறிச் சேர்கிறவனுக்கு நான் சொன்னவை: முழுத் துண்டோடு 60, 30, 15 செக்கன் வெட்டுகளையும், ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாகவும் (ஸ்டெம் என்பார்கள்) முதலிலேயே எடுத்து வை. வாசித்த ஆளோடு யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கு, ஏனென்றால் இசையமைப்புக்கு ஓர் உரிமம், ஒலிப்பதிவுக்கு இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே இடத்தில் சம்மதம் கிடைக்காவிட்டால் வாங்குகிறவன் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவான். ஒரே துண்டைப் பல லைப்ரரிகளில் போட்டுவிட்டு யூடியூப் கொன்டென்ட் ஐடியிலும் (பதிந்த இசை எந்த வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) பதியாதே, காசு கொடுத்து வாங்கியவனுக்கே உரிமைக் கோரல் போகும், பிறகு அவன் உன் பக்கம் திரும்பமாட்டான். அமெரிக்க நிறுவனமென்றால் டபிள்யூ-8 பென் படிவத்தை (நீ அமெரிக்கன் இல்லை என்று காட்டும் வரிப் படிவம்) நிரப்பு, இல்லாவிட்டால் அங்கிருந்து வரும் ரொயல்டியில் 30 வீதம் வரியாகப் போய்விடும். காசு வாங்க நான் பாவிப்பது பயோனியர் என்ற இணையப் பணச்சேவை, நான் சேர்ந்தபோது பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பத்தான் முடிந்தது, வாங்க முடியவில்லை.

சேராதே என்றுதான் அவனுக்குச் சொன்னேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று ரயிலைக் கண்டுபிடித்த அந்தக் காதுக்கு. அடுத்த தவில் துண்டு சனிக்கிழமை போகிறது, "பதற்றம்" பிரிவில். நாதஸ்வரம் இந்த முறையும் இருக்கிறது.