வெள்ளி மாலை வரும் அட்டவணைகள்: ரிசர்வ் வங்கியின் வாராந்திர புள்ளிவிவர இணைப்பு

நிதி அமைச்சகத்திலோ வங்கியின் ஆய்வுப் பிரிவிலோ பொருளாதார வல்லுநராகச் சேர்பவரிடம் முதலில் வந்து சேரும் வேலை, பெரும்பாலும், மேலதிகாரிக்கு ஒரு பக்க நிலவரக் குறிப்பு எழுதுவதுதான். அதற்கு, ரிசர்வ் வங்கி வெள்ளிதோறும் மாலை வெளியிடும் வாராந்திர புள்ளிவிவர இணைப்பைவிட நல்ல இலவச ஆதாரம் இந்தியாவில் கிடையாது. அந்நியச் செலாவணி கையிருப்பு, வங்கிகளின் டெபாசிட், கடன், பண அளிப்பு, வட்டி விகிதங்கள் எல்லாம் சில பக்கங்களில் அடங்கிவிடுகின்றன. பிடிஎஃப் வேண்டாம், எக்செல் கோப்பையே இறக்கிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது கடன் வளர்ச்சியில். வங்கிகள் பல ஆண்டுகளாக ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை நிலவரத்தைத்தான் கணக்குக் கொடுத்துவந்தன. 2015-16இல் அப்படிக் கணக்குக் கொடுத்த கடைசி வெள்ளி 2016 மார்ச் 18. அடுத்த ஆண்டுக்கு 2017 மார்ச் 31. நடுவே வழக்கமான 26 அல்ல, 27 இருவாரங்கள். போதாக்குறைக்கு, இலக்கை எட்டுவதற்காக மார்ச் கடைசி நாட்களில் டெபாசிட்டும் கடனும் குவியும். மார்ச் 18இல் அந்தக் குவிப்பு ஏறியிருக்காது. 31இல் முழுதாக ஏறியிருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் வளர்ச்சி ஊதித் தெரியும். 2016 ஏப்ரல் 1ஐ அடிப்படையாக வைத்தால் 364 நாள் இடைவெளி, இரு பக்கமும் ஆண்டு முடிவு, கணக்கு நேராகும். 2025ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இருவாரத்தை 1 முதல் 15, 16 முதல் மாதக் கடைசி என்று மாற்றிவிட்டது. ஆகவே பழைய வெள்ளியையும் புதிய மாதக் கடைசியையும் ஒப்பிடும்போது இதே சிக்கல் திரும்ப வரும்.

2023 ஜூலை 1இல் வீட்டுக்கடன் நிறுவனமான எச்டிஎஃப்சி, எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்ததும் இப்படித்தான். வீட்டுக்கடன்கள் ஒரே நாளில் வங்கிக் கணக்குக்குள் வந்தன. அடுத்த ஓராண்டு வளர்ச்சி விகிதத்தை இணைப்போடு, இணைப்பில்லாமல் என இரண்டாகவே எழுத வேண்டும்.

கையிருப்பு அட்டவணை தெளிவானது, ரூபாயிலும் டாலரிலும் உண்டு. ஆனால் வார ஏற்றத்தைப் பார்த்து ‘ரிசர்வ் வங்கி டாலர் வாங்கியது’ என்று எழுதிவிடாதீர்கள். உதாரணத்துக்கு, 6,000 கோடி யூரோ கையில் இருக்கிறது, யூரோவின் விலை 1.10 டாலரிலிருந்து 1.12 ஆகிறது என்று வையுங்கள். ஒரு டாலரும் வாங்காமலே கையிருப்பு 120 கோடி டாலர் கூடும். தங்கத்தின் விலை ஏறினாலும் அதே கதைதான். உண்மையில் எவ்வளவு வாங்கி விற்றார்கள் என்பது ரிசர்வ் வங்கியின் மாத இதழில் தாமதமாகத்தான் வரும். அதுவரை குறிப்பில் ‘மதிப்பு மாற்றம் உட்பட’ என்று சேர்த்துவிடுங்கள்.

ரொக்கப் புழக்கத்தை மட்டும் பலர் கவனிப்பதே இல்லை, அது வருத்தம்தான். தீபாவளிக்கு முன் மக்கள் பணம் எடுக்க எடுக்க வங்கிகளின் உபரி நிதி வற்றும். வங்கிகள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் ஓரிரவுக் கடனின் வட்டி ஏன் நிமிர்கிறது என்பதற்கான பதில் பல வாரங்களில் இந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்.

குறை என்றால் நீண்ட காலத் தொடர் இதில் இல்லை. அதற்கு ஆண்டுதோறும் வரும் புள்ளிவிவரக் கையேட்டுக்குப் போக வேண்டும். எண்கள் தற்காலிகமானவை, பின்னால் திருத்தப்படும். எனவே ஒவ்வொரு வாரக் கோப்பையும் தேதி போட்டுத் தனியாகச் சேமித்து வையுங்கள், பழையதன் மேல் எழுதிவிடாதீர்கள்.