"ராயல்டி சிஸ்டத்தை மேம்படுத்துகிறோம்" என்று மெயில் வந்தால் ஓகே அழுத்துவதற்கு முன் இதைப் படியுங்கள்

சொந்தச் செலவில் பாட்டுப் பதிவு செய்து, ஒரு விநியோக கம்பெனி மூலமாக ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன் என்று ஏற்றி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அது ஒரு வழிக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் வக்கீல்.

கருப்பசாமி, அய்யனார் பாட்டுகள் பாடுகிறவர் என் அப்பா. சிவகங்கைப் பக்கம். எழுத்து, மெட்டு எல்லாம் அவருடையதுதான். 2018-இல் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் 14 பாட்டுகளைப் பதிவு செய்து ஏற்றினோம். கணக்கைப் பார்த்துக்கொள்வது நான். ஆடி மாசமும் மாசிக் களரியும் வந்தால் கேட்கிறவர்கள் கூடுவார்கள், கொஞ்சம் பணம் சேரும்.

2023 அக்டோபரில் மெயில் வந்தது. ராயல்டி பிரித்துக் கொடுக்கும் முறையைப் புதிதாக மாற்றுகிறோம், பணம் சீக்கிரம் வரும், மாதக் கடைசிக்குள் உள்ளே போய்ப் புது விதிமுறைகளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஓகே அழுத்திவிட்டேன். அன்றைக்கு டாஷ்போர்டில் வர வேண்டிய பாக்கி 41,600 ரூபாய். ஏதோ தோன்றி அதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அது இல்லையென்றால் இன்றைக்கு என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

மறுவாரம் உள்ளே போனால் பாக்கி பூஜ்யம். பழைய ஸ்டேட்மென்ட் ஒன்றுகூட இல்லை. 14 பாட்டில் 9 தான் இருந்தது. அந்த ஒன்பதுக்கும் புது ஐ.எஸ்.ஆர்.சி. எண் போட்டிருந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கொடுக்கிற 12 எழுத்து அடையாள எண் அது. கம்பெனி மாறினாலும் சிஸ்டம் மாறினாலும் அந்தப் பதிவுக்கு அதே எண்தான் இருக்க வேண்டும். அதை மாற்றியதால் ஐந்து வருஷமாகச் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை போய், ஒன்றிலிருந்து தொடங்கியது. அது போதாதென்று, அப்பாவின் யூடியூப் சேனலில் அவர் பாட்டுக்கே உரிமைக் கோரிக்கை வந்தது. கோரியது அதே கம்பெனி.

ஐந்து முறை புகார் டிக்கெட் போட்டேன். ஐந்தும் "தீர்க்கப்பட்டது" என்று தானாகவே மூடிக்கொண்டது. போன் நம்பர் கிடையாது.

அப்பாவிடம் சொல்லவே எனக்குப் பயம். விஷயம் தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "காசு கெடக்கட்டும்மா, பாட்டு எங்க போச்சு?"

காணாமல் போன ஐந்து பாட்டும் ஒப்பாரிப் பாட்டு பாடுகிற இன்னொருவருடைய கலைஞர் பக்கத்தில் இருந்தன. அப்பா பெயர் எங்கள் ஊரிலேயே தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும். புது சிஸ்டத்தில் இனிஷியலை விட்டுவிட்டு, ஒரே பெயர் உள்ளவர்களை ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டார்கள். பான் நம்பர் இருக்கிறது, பேங்க் கணக்கு இருக்கிறது, இரண்டையும் ஒத்துப் பார்க்க ஒரு ஆளைக்கூடவா வைக்க முடியவில்லை?

பணம் போன வழி 2024 ஜூலையில்தான் தெரிந்தது. அப்பாவுக்கு வருமான வரிக் கணக்கு போடும்போது ஆடிட்டர், நம் பான் நம்பரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்துவிட்டு, "ராயல்டி 41,600 வந்திருக்கே, டிடிஎஸ் 4,160 பிடிச்சிருக்காங்களே" என்றார். டிடிஎஸ் என்றால் பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி; வருமான வரிச் சட்டம் 194ஜே பிரிவின் கீழ் 10 சதவீதம் பிடித்திருந்தார்கள். அப்பா பான் நம்பரில் வரி கட்டியிருக்கிறார்கள், மீதி 37,440 எங்கள் கணக்குக்கு வரவேயில்லை.

பாட்டு போன இடத்துக்கே பணமும் போயிருக்கும் என்று நினைத்து, அந்த ஒப்பாரிப் பாடகரை அவருடைய சேனல் வழியாகத் தேடிப் பிடித்தேன். சேலத்துக்காரர். "நானும் யாரு போட்டாங்கன்னு தெரியாம முழிச்சேன் கண்ணு. கம்பெனிக்கு மெயில் போட்டா பதிலே இல்ல. பாதிக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு" என்றார். கையில் மிச்சமிருந்த 17,440-ஐ மறுநாளே அனுப்பினார். அந்தப் பாட்டுகள் தன்னுடையவை இல்லை என்று கைப்பட எழுதியும் கொடுத்தார். அவர்மேல் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. மீதி 20,000-ஐக் கம்பெனிதான் தர வேண்டும்.

26ஏஎஸ் நகலோடு கம்பெனிக்கு மெயில் போட்ட நான்காம் நாள், ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் பதில் எழுதினார். மூன்று பாட்டு திரும்பி வந்தது. இரண்டு இன்னும் அந்தச் சேலத்துக்காரருடைய கலைஞர் பக்கத்தில்தான் இருக்கிறது.

நான் ஓகே அழுத்திய விதிமுறையை அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் வருகிற ராயல்டியையும் கம்பெனியே வைத்துக்கொள்ளும் என்று ஒரு வரி உள்ளே இருந்தது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதற்கு ஒரு முக்கியக் காரணமே இந்த மாதிரி எழுதி வாங்குவதைத் தடுப்பதுதான். எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்களுக்குச் சமமாக வர வேண்டிய ராயல்டியை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது 18-ஆம் பிரிவு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் போடவில்லையென்றால் அது ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், அது 19-ஆம் பிரிவு. வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., பாடியவருக்கான பங்குக்கு இஸாம்ரா என்று ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. எங்களுக்கு அதுவே இவ்வளவு நாள் தெரியாது. இப்போது இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

இப்படி மெயில் வந்தால் முதலில் பழைய ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும், பாட்டுவாரியாக ஐ.எஸ்.ஆர்.சி. பட்டியலையும் இறக்கி வையுங்கள். பாக்கித் தொகையைத் தேதியோடு படமெடுங்கள். 2023 கடைசியில் உங்கள் கம்பெனியும் சிஸ்டம் மாற்றியிருந்தால் அந்த வருஷத்து 26ஏஎஸ்-ஐ ஒருதரம் திறந்து பாருங்கள், பணம் கைக்கு வராமல் வரி மட்டும் பிடித்திருக்கிறார்களா என்று.

அந்தக் கம்பெனியை விட்டு விலக எழுதிக் கொடுத்துவிட்டோம். புது இடத்தில் ஏற்றும்போது பழைய எண்களையே கொடுக்க வேண்டும். ஸ்டுடியோக்காரரிடம் அந்தப் பட்டியல் ஒரு பழைய மெயிலில் கிடைத்தது. அப்பா தன் பாட்டு நோட்டை எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே அந்த 12 எழுத்தையும் என்னைப் பேனாவால் எழுத வைத்தார்.