பயிற்சி என்ற பெயரில் வீட்டைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்!

வாடகை வருமானத்துக்காக வீடு வாங்க நினைத்து, அதற்கு முன் கணக்குவழக்கைக் கற்றுக்கொள்ளலாமே என்று பயிற்சி வகுப்பு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்த வகுப்பின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, பலகையை மாற்றிக்கொண்டு வேறு பெயரில் வருவார்கள்.

முதல் கூட்டம் இலவசம். அடுத்த வகுப்புக்குக் கட்டணம். அது முடிகிற நேரத்தில் 'தனி வழிகாட்டி' என்று அதைவிடப் பெரிய கட்டணம். (அமெரிக்காவில் டொனால்ட் ட்ரம்பின் 'ட்ரம்ப் பல்கலைக்கழகம்' என்ற வீடு, நில முதலீட்டுப் பயிற்சி நிறுவனம் ஏறிய படிகளும் இவைதான்: இலவசக் கூட்டம், 1,495 டாலர் வகுப்பு, கடைசியில் 35,000 டாலர் வரை. அதன் மீதான மோசடி வழக்குகளில் 2016 நவம்பரில் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.)

பாடத்தில் குறை சொல்ல முடியாது. மொத்த வாடகையை நம்பாதீர்கள், கையில் மிஞ்சுவதைப் பாருங்கள் என்றார்கள். விலை 100, ஆண்டு வாடகை 8 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 7.3. நிர்வாகத்துக்குப் பத்து சதவீதம் போனால் 6.6. வரி, காப்பீடு, பழுதுபார்ப்புக்கு 2 போனால் 4.6. கடன் வட்டி அதற்கு மேல் என்றால், கடன் கூடக் கூட லாபம் கரையும். இதையெல்லாம் பலகையில் போட்டுக் காட்டுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

கணக்கு சரி. அதில் போட்ட 8 தான் பொய்.

'களப் பயிற்சி' என்று ஒரு ஞாயிறு காலை பேருந்தில் கூட்டிப் போனார்கள். கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது வழிகாட்டி. அக்கம்பக்கத்தில் விற்ற விலை என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். பிற்பாடு பதிவு ஆவணங்களைத் தேடினால், அத்தனையும் அதே நிறுவனம் முந்தைய பயிற்சி மாணவர்களுக்கு விற்றவை! கூடவே, 'இரண்டு வருட வாடகைக்கு உத்தரவாதம்'. அதை நம்பி நானும் ஒரு வீடு வாங்கினேன்.

சூட்சுமமே இந்த உத்தரவாதத்தில்தான். அங்கே உண்மையில் கிடைக்கும் வாடகை 5.5. அதைச் சொல்லியிருந்தால், அதே 8 சதவீதக் கணக்கில் வீட்டுக்கு 69க்கு மேல் யாரும் தரமாட்டார்கள். குறையும் 2.5ஐ இரண்டு வருடம் அவர்களே போட்டால் செலவு 5. விலையில் கூடுதலாகக் கறந்தது 31. அதாவது என் பணத்தில் கொஞ்சத்தை எனக்கே மாதாமாதம் வாடகை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதுவும் முழுசாக வரவில்லை. உத்தரவாதப் பத்திரத்தில் இருந்தது விற்ற நிறுவனத்தின் பெயர் இல்லை, அதற்கென்றே தொடங்கிய இன்னொரு நிறுவனம். ஒரு வருடம் கழிந்ததும் அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு வாரநாள் இரவில் போய்ப் பார்த்தேன். மின்சாரம் ஓடுகிற மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டடத்தின் மீட்டர் அறையில் பாதிக்கு மேல் சிமிட்டவே இல்லை. தபால் பெட்டிகளில் விளம்பரத் தாள்கள் பிதுங்கிக் கிடந்தன. படியில் எதிர்ப்பட்ட ஒரு அம்மாவிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டேன். எங்களுக்குக் காட்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான் சொன்னார். "இதையே குறைச்சுக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருக்கோம். பக்கத்து ஃபேக்டரியில ஆளைக் குறைக்கிறாங்க, பாதிப் பேர் காலி பண்ணிட்டாங்க" என்றார். வகுப்பில் அந்த ஃபேக்டரியைத்தான் 'நிலையான வாடகைதாரர்கள்' என்று படம் போட்டுக் காட்டினார்கள்.

வழிகாட்டியிடம் கேட்டால், ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டுகிறார்: 'கல்வி நோக்கத்துக்கு மட்டுமே, முதலீட்டு ஆலோசனை அல்ல.' சரி, கல்விக்கு விற்பனைக் கமிஷன் எதற்கு என்றேன். அதன்பின் போனை எடுப்பதில்லை.

இப்படி ஒரு வகுப்பில் இப்போது இருக்கிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன், இந்த வீடு விற்றால் வழிகாட்டிக்கு என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பவரின் வாடகை ஒப்பந்தமும், வாடகை வங்கியில் வரவான விவரமும் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம், இந்த விலை இன்றிரவு வரைதான்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என்னைப் போல ஏற்கெனவே வாங்கியவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், புகாரில் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.