கோரல்டிராவா, இல்லஸ்ட்ரேட்டரா: ஃபில், எஃபெக்ட் நகலெடுக்க எது கைகொடுக்கும்?

ஒரு பொருளுக்குக் கொடுத்த ஃபில் (உள் நிறம்), அவுட்லைன் (சுற்றுக்கோடு), நிழல் எல்லாவற்றையும் இன்னொன்றுக்கு நகலெடுக்க, கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்று கோடும் வடிவமுமாக வரையும் எந்த வெக்டர் மென்பொருளிலும் வழி உண்டு. நகலெடுக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. டிசைன் முடிந்து, ப்ரூஃப் (அச்சுக்கு முன் காட்டும் பிரதி) போன பிறகு, "சிவப்பை மெரூன் ஆக்கிடுங்க" என்று கஸ்டமர் சொல்லும்போதுதான் தெரியும். கோரலை விட்டு இல்லஸ்ட்ரேட்டருக்கு நான் மாறியதற்கு அந்த ஒரு விஷயமே காரணம். விலை, சந்தா, எது சுலபம் என்பதெல்லாம் பலரும் பேசியாயிற்று. இங்கே அதைத் தொடவில்லை.

கை வேகத்துக்குக் கோரலை அடிக்க ஆளில்லை. நிறப் பேலட்டில் இடது கிளிக் ஃபில்லுக்கு, வலது கிளிக் அவுட்லைனுக்கு. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு வேறொரு நிறத்தைத் தொட்டால், இருக்கிற நிறத்தோடு அது 10% கலக்கும். ஒரு பொருளை வலது பட்டனால் இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் மெனு வரும்: ஃபில் மட்டும், அவுட்லைன் மட்டும், அல்லது எல்லா ப்ராப்பர்ட்டியும். இரண்டு நொடி வேலை. விடுகிற இடத்தில் உள்ள பொருளுக்கு ஃபில் இல்லையென்றால் சரியாகக் கோட்டின் மேல் விட வேண்டும். தள்ளி விட்டால் 'மூவ்', 'காப்பி' மட்டுமே மெனுவில் வரும்.

'எல்லா ப்ராப்பர்ட்டியும்' என்று போட்டிருந்தாலும் நிழலும் கான்டூரும் (வடிவத்தை ஒட்டி அடுக்கடுக்காக வரும் கோடுகள்) அதில் வராது. அவற்றுக்கு அட்ரிப்யூட்ஸ் ஐட்ராப்பரை எடுத்து, மேலே ப்ராப்பர்ட்டி பாரில் எஃபெக்ட்ஸ் பட்டியலைத் திறந்து, வேண்டியதை டிக் செய்ய வேண்டும். டிக் செய்யாமலே கிளிக் செய்துவிட்டு "நிழல் வரவில்லையே" என்று தேடுபவர்கள்தான் அதிகம்.

இப்படி எடுத்த நகல் எதற்கும் மூலத்தோடு தொடர்பு இல்லை. மூலத்தில் நிழலை மாற்றினால் நகல்கள் பழையபடியே இருக்கும். தொடர்பு வேண்டுமென்றால் கோரலிலும் வழி இருக்கிறது, மறுக்கவில்லை. நிறத்துக்குக் கலர் ஸ்டைல்ஸ், கண்ட்ரோல்+எஃப்6. ஃபில், அவுட்லைன், எழுத்து அமைப்புக்கு ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ், கண்ட்ரோல்+எஃப்5. நிழல், பிளெண்ட் (ஒரு வடிவம் படிப்படியாக இன்னொன்றாக மாறுவது), எக்ஸ்ட்ரூட் (வடிவத்துக்குத் தடிமன் கொடுப்பது), கான்டூர் இவற்றுக்கு எஃபெக்ட்ஸ் மெனுவில் குளோன் எஃபெக்ட். ஒரே தலைப்பின் தோற்றம் மூன்று இடத்தில் பிரிந்து கிடக்கிறது என்பதுதான் சிக்கல். நடுவில் யாராவது கண்ட்ரோல்+கே போட்டு நிழலைத் தனியாகப் பிரித்துவிட்டால் அந்தத் தொடர்பும் போச்சு.

இல்லஸ்ட்ரேட்டரில் இவை எல்லாம் அப்பியரன்ஸ் பேனல் என்ற ஒரே இடத்தில் அடுக்காக இருக்கும் (ஷிஃப்ட்+எஃப்6). பேனர் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மஞ்சள் எழுத்து, சுற்றி வெள்ளைக் கோடு, அதற்கு வெளியே சிவப்புக் கோடு, கீழே நிழல். எழுத்தைக் கர்வ் (வெறும் வடிவம்) ஆக்காமல், டைப் செய்த நிலையிலேயே இதைச் செய்யலாம்.

முதலில் எழுத்தின் சொந்த நிறத்தை 'நன்' ஆக்குங்கள். செலக்‌ஷன் டூலால் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பேனலில் புது ஃபில் ஒன்று சேர்த்து மஞ்சள் கொடுங்கள். பிறகு இரண்டு ஸ்ட்ரோக் (கோரலில் அவுட்லைன் என்பதுதான்) சேர்த்து, இரண்டையும் ஃபில்லுக்குக் கீழே இழுத்துவிடுங்கள். ஸ்ட்ரோக் எழுத்தின் விளிம்பை நடுவாக வைத்து இரு பக்கமும் பரவும். உயிரோடிருக்கும் எழுத்தில் அதை வெளிப்பக்கம் மட்டும் வைக்க முடியாது. எனவே வெள்ளை 1 மி.மீ. தெரிய 2 மி.மீ. கொடுக்க வேண்டும். அதற்கு வெளியே சிவப்பு இன்னொரு 1 மி.மீ. தெரிய 4 மி.மீ. கொடுத்து அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைக்க வேண்டும். ஜாயினை (கோடு திரும்பும் மூலை) 'ரவுண்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்தின் கூர்முனைகளில் சிவப்பு முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். கடைசியாக நிழல். பேனலின் உச்சியில் 'டைப்' என்றிருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்த பிறகே டிராப் ஷேடோ கொடுங்கள். மஞ்சள் ஃபில் வரி தேர்வில் இருந்தால் நிழல் அந்த ஃபில்லுக்கு மட்டும் போய், வெள்ளைக் கோட்டின் மேலேயே விழும்.

இதை அப்படியே கிராஃபிக் ஸ்டைல்ஸ் பேனலுக்கு (ஷிஃப்ட்+எஃப்5) இழுத்துப் போட்டால் ஸ்டைல் ஆகிவிடும். அடுத்த பெயரை டைப் செய்து, ஸ்டைலை ஒரு கிளிக் செய்தால் நான்கு அடுக்கும் வந்து உட்காரும். மெரூன் கேட்டால் என்ன செய்வது? ஒரு தலைப்பில் மாற்றிவிட்டு, அப்பியரன்ஸ் மெனுவில் 'ரீடிஃபைன் கிராஃபிக் ஸ்டைல்' கொடுத்தால், அந்த ஸ்டைல் போட்ட எல்லாம் மாறும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஸ்டைல் போட்ட பொருளில் நேரடியாக ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு ரீடிஃபைன் கொடுக்காமல் விட்டால், அந்தப் பொருளின் தொடர்பு அறுந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது; பேனலின் உச்சியில் ஸ்டைலின் பெயர் மட்டும் காணாமல் போயிருக்கும். அதனால் நிறங்களை ஆரம்பத்திலேயே குளோபல் ஸ்வாட்சாக (ஒரு முறை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் சேமித்த நிறம்) வைத்துக்கொள்வது நல்லது. மூலையில் வெள்ளை முக்கோணம் இருப்பதுதான் குளோபல். அதை இரட்டைக் கிளிக் செய்து மதிப்பை மாற்றினால், ஸ்டைலின் தொடர்பு கெடாமல் ஃபைல் முழுக்க நிறம் மாறும். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிச் செல்லும் கிரேடியண்டின் ஸ்டாப்களில் அந்த ஸ்வாட்ச் இருந்தால் அங்கும் மாறும்.

இங்கே ஐட்ராப்பரை நம்பி இறங்க வேண்டாம். ஃபில், ஸ்ட்ரோக் எடுக்கும், எஃபெக்ட்டை எடுக்காது. டூலை இரட்டைக் கிளிக் செய்து, வரும் பெட்டியின் இரண்டு நெடுவரிசையிலும் 'அப்பியரன்ஸ்' டிக் செய்தால்தான் எல்லாம் வரும். அதைவிட, லேயர்ஸ் பேனலில் பொருளுக்கு எதிரே உள்ள வட்டத்தை ஆல்ட் அழுத்தி இன்னொன்றின் வட்டத்துக்கு இழுப்பது உறுதியான வழி. ஆல்ட் அழுத்த மறந்தால் நகலாகாது; தோற்றம் இங்கிருந்து அங்கே இடம்பெயர்ந்துவிடும்.

ஸ்டைல் எவ்வளவு கவனமாகச் செய்திருந்தாலும் இரண்டு அமைப்புகள் அதைக் கெடுக்கும். 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' அணைந்திருந்தால், பேனர் தலைப்பை விசிட்டிங் கார்டுக்குச் சுருக்கும்போது கோடு பழைய தடிமனிலேயே நின்று எழுத்தை விழுங்கிவிடும். (கோரலிலும் இதே கதைதான், அவுட்லைன் பென்னில் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' பாருங்கள்.) அடுத்து, எஃபெக்ட் மெனுவில் டாக்குமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் அமைப்பு; நிழல் போன்றவை எந்த ரெசல்யூஷனில் வரும் என்பதை இது தீர்மானிக்கும். வெப் ஃபைலாகத் தொடங்கியிருந்தால் அது 72 பிபிஐ (அங்குலத்துக்கு 72 பிக்சல்). ஆஃப்செட் அச்சுக்குப் போகும் கார்டில் நிழலின் ஓரம் படிப்படியாகத் தெரியும். 300 ஆக்கிக்கொள்ளுங்கள்.

இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வெக்டர் மென்பொருளைச் சின்ன வேலைகளுக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன். கண்ட்ரோல்+சி, பிறகு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி: ஃபில், ஸ்ட்ரோக், ஃபில்டர் (எஃபெக்ட்டுக்கு அங்கே உள்ள பெயர்) எல்லாம் ஒட்டிவிடும். இவ்வளவு எளிமை மற்ற இரண்டிலும் இல்லை. அதன் டிராப்பர் நிறத்தை மட்டுமே எடுக்கும், கிரேடியண்ட்டை எடுக்காது. ஃபில்லில் 'ஸ்வாட்ச்' வகையைத் தேர்ந்தெடுத்தால் குளோபல் நிறம் போல எல்லா இடத்திலும் சேர்ந்து மாறும். லோகோ, வெப் ஐகானுக்கு இது போதும். அச்சுக்கு என்றால், பிடிஎஃப் ஆக்கும்போது ஃபில்டர்கள் பிட்மேப் (புள்ளிகளால் ஆன படம்) ஆகின்றன, அந்த ரெசல்யூஷனை சேவ் செய்யும் பெட்டியில் நீங்களே உயர்த்த வேண்டும். நிறத்தை சிஎம்ஒய்கேக்கு (அச்சின் நான்கு மை முறை) மாற்றுவது தனி வேலை.

அவசரத்துக்கு ஒரே ஒரு பேனர், திரும்பி வராத வேலை என்றால் கோரலிலேயே முடியுங்கள். அங்கே ஸ்டைல் கட்ட ஆகும் நேரம் வீண். பெயர், ஊர், தேதி மட்டும் மாறி மாறி வரும் வேலைகளுக்கு இல்லஸ்ட்ரேட்டர்.

பிரஸ்ஸில் கோரல் வைத்திருந்தால் இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ ஃபைலை அப்படியே அனுப்பாதீர்கள். அங்கே திறக்கும்போது அடுக்குகள் தனித்தனிப் பொருளாகச் சிதறும், நிழல் பிட்மேப்பாக வரும். ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்து, அந்தப் பிரதியில் எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி ('கிரியேட் அவுட்லைன்ஸ்'), பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள். ஸ்டைல் உயிரோடிருக்கும் மூல ஃபைல் உங்களிடமே இருக்கட்டும்.