மதுரை வெயிலில் பேக்மேன் தவளை: சில ஆண்டுகால அனுபவம்

செல்லப்பிராணிக் கடைகளில் பேக்மேன் தவளை என்று விற்கப்படும் கிரான்வெல் கொம்புத் தவளையில் ஒரு பெண்ணைச் சில ஆண்டுகளாக மதுரையில் வளர்த்து வருகிறேன். இதை வாங்க நினைக்கும் நம் ஊர்க்காரர், விலையையும் தீனியையும் விசாரிப்பதற்கு முன் தம் வீட்டில் கோடையை எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்க வேண்டும். அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளில் விரிந்துள்ள கிரான் சாக்கோ சமவெளிதான் இதன் தாயகம் என்றாலும், அங்கே வறண்ட மாதங்களை இது மண்ணுக்குள் புதைந்து கழித்துவிடுகிறது. கண்ணாடித் தொட்டியில் அந்த ஆழம் கிடைப்பதில்லை.

வெளிநாட்டு வழிகாட்டிகள் சூடேற்றும் விளக்குகளைப் பற்றியே விரிவாகப் பேசுகின்றன. எனக்கு அவை ஒருநாளும் தேவைப்படவில்லை. 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இதற்கு இதமானது. 30 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் தவளை சோர்ந்து தீனியை மறுக்கிறது. ஆகவே வடக்குப் பார்த்த அறையின் தரையில், மானாமதுரை மண் தாம்பாளத்தில் ஈர மணலைப் பரப்பி, அதன் மேல் தொட்டியை வைத்திருக்கிறேன். காற்று வறண்டிருக்கும் பங்குனி, சித்திரையில் மணலின் ஈரம் ஆவியாகும்போது தொட்டியின் அடிப்பகுதி நன்றாகவே குளிர்கிறது. கத்திரி வெயிலுக்கு இது போதாது. அப்போது ஏசி அறைதான் கதி. மின்தடை நேர்ந்தால் தவளையைத் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றித் தவளையின் மேல் படாதவாறு ஓரமாக வைக்கிறேன்.

தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. எனவே அது அமர்ந்திருக்கும் மண்ணில் உள்ள உப்பும் குளோரினும் அதன் உடலைப் பாதிக்கும். நம் பக்கம் எளிதில் கிடைக்கும் தேங்காய் நார்க்கழிவு இதற்கு மிகப் பொருத்தமானது, ஆனால் அதில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால் பலமுறை அலசிப் பிழிந்த பின்பே பயன்படுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரில் மீன் தொட்டிக்கான குளோரின் நீக்கியைக் கலந்து ஊற்றுகிறேன். கழிவு சேர்ந்த மண்ணில் அம்மோனியா பெருகி அதே தோல் வழியாக நஞ்சாகும். மண் மாற்றுவதில் சோம்பல் கூடவே கூடாது.

தீனி எளிது. மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் கிடைக்கும் புழுக்களையும், தீனிக்கென்றே வளர்க்கப்படும் கரப்பான்களையும் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்கிறேன். வீட்டுக் கரப்பான்களில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால் அவற்றைத் தொடுவதில்லை. வளர்ந்த தவளைக்கு வாரம் ஒருமுறை போதும். எதை நீட்டினாலும் விழுங்கும் என்பதால் இதைக் கொழுக்க வைப்பது மிகச் சுலபம், அந்தக் கொழுப்பே அதன் ஆயுளைக் குறைக்கும். மேல்தாடையில் பற்களும் கீழ்த்தாடையில் பல் போன்ற கூர்முனைகளும் உண்டு. நீண்ட இடுக்கி இல்லாமல் ஊட்ட வேண்டாம். இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

பகல் முழுவதும் கண்களை மட்டும் வெளியே காட்டிப் புதைந்திருக்கும் இந்த உயிர், கொஞ்சி விளையாட விரும்புவோருக்கு ஏற்றதன்று. ஐப்பசி மழை தொடங்கி இரவுக் காற்றில் ஈரம் ஏறியதும் அது எழுந்து தொட்டியைச் சுற்றி வருவதைப் பார்ப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இதே ஆசையில் வயலில் கிடைக்கும் நம் நாட்டுப் பெரிய தவளையை (இந்தியன் புல்ஃபிராக்) பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய இதை இடையில் வளர்க்க இயலாமல் போனால், இன்னொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டுமே தவிர, வண்டியூர்க் கண்மாயிலோ வேறெந்த நீர்நிலையிலோ விடக்கூடாது. நம் நாட்டுப் பெரிய தவளையே அந்தமானுக்குக் கொண்டு செல்லப்பட்டபின் அங்குள்ள சிற்றுயிர்களை விழுங்கிப் பெருகியது. வெளிநாட்டுத் தவளைகளோடு பூஞ்சை நோய்களும் பரவக்கூடும் என்பதால், தொட்டியின் கழிவுநீரைக்கூடப் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் வைத்த பின்பே கழிப்பறையில் ஊற்றுகிறேன்.