சப்வூஃபர்: புதுசா, ஜப்பான் பழசா, கார் பொக்ஸா?

பாட்டின் தாழ்ந்த பேஸ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர், சுருக்கமாக சப். வாங்கப் போகிறீர்களென்றால் அங்குலக் கணக்கையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் உங்கள் அம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். சப்புக்கு வயர் கொழுவ சப் அவுட் என்று ஒரு ஓட்டை இருக்கிறதா? பழைய ஸ்டீரியோ அம்ப் பலதில் இருக்காது. இல்லாவிட்டால் ஸ்பீக்கர் வயரையே நேரே கொழுவக்கூடிய, அதாவது ஹை லெவல் இன்புட் உள்ள சப்தான் சரிவரும். மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ கடைக்குப் போனவுடன் "12 அங்குலம் இருக்கா, எத்தனை வொட்ஸ்?" என்று கேட்கிறவர்கள் பலர். வயர் எங்கே கொழுவுவது என்று கேட்கிறவர்கள் குறைவு.

புதுசு என்றால் போல்க் கம்பனியின் பிஎஸ்டபிள்யூ10 மாதிரி ஒன்று: 10 அங்குலம், தொடர்ந்து 50 வொட்ஸ், ஸ்பீக்கர் வயர் இன்புட்டும் உண்டு. 50 தானா என்று முகம் சுளிக்க வேண்டாம், ஒரு சாதாரண ஹோலுக்கு அது தாராளம். பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த தந்தியே 41 ஹேர்ட்ஸில்தான் நிற்கிறது, பாட்டுக்கு அந்த அளவு இறங்கினால் போதும். படத்தில் வெடிக்கிற வெடிக்குச் சுவர் அதிர வேண்டுமென்றால் அது வேறு பட்ஜெட். இதில் போர்ட், அதாவது பெட்டிக்குள்ளிருந்து காற்று வந்துபோகிற ஓட்டை, இருப்பதால் சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையுமான அறையில் மூலைக்குள் தள்ளினால் 'பூம் பூம்' என்று ஒரே சுரத்தில் முழங்கும், கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள். ஓட்டையில்லாத மூடிய பெட்டி இவ்வளவு முழங்காது, தவிலின் அடி அடியாகவே கேட்கும், ஆனால் அதே காசுக்கு பேஸ் இறங்குகிற ஆழம் குறையும். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கே விற்கிறது 120 வோல்ட்டுக்கானது.

ஜப்பான் பழசுதான் ஆசை காட்டுகிற சாமான். பெட்டி கனமாக இருக்கும், மரவேலை நன்றாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் திருப்பி லேபலைப் படியுங்கள்: ஏசி 100வி என்று இருந்தால் நம்முடைய 230இல் நேரே செருகிய கையோடு புகை வரும். 230ஐ 100 ஆகக் குறைக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் தனியாக வாங்க வேண்டும், மலிவானது என்றால் அதுவே 'ம்ம்ம்' என்று இரையும். அப்புறம் ஸ்பீக்கரின் நடுவில் அதிர்கிற கூம்பை, அதாவது கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். றப்பர் என்றால் வளைந்து கொடுக்கும், பழைய ஃபோம் என்றால் விரலில் பிசுபிசுத்த பொடி ஒட்டும். ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். கல்லடிப் பக்கம், கடலுக்குக் கிட்ட வீடென்றால் டேர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், உப்புக்காற்று அதை இன்னும் வேகமாகத் தின்னும். பழைய ஹோம் தியேட்டர் செற்றிலிருந்து கழற்றிய சப் என்றால் பலதில் உள்ளே அம்ப்பே இருக்காது, வெறும் பெட்டிதான்.

கார் சப் பொடியன்மாரின் விருப்பம், ஓடாவியிடம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டி அடிப்பித்து 12 வோல்ட் பவர் சப்ளையில் கார் அம்ப்பை ஓட்டுவார்கள். சத்தம் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 200 வொட்ஸ் உண்மையாகவே வேண்டுமென்றால் அந்த சப்ளை 20 அம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும், அப்படியொன்று மலிவில்லை. காரின் சின்ன மூடிய அறை தாழ்ந்த ஒலியைத் தானே தூக்கிக் கொடுக்கும். ஜன்னல் கதவெல்லாம் திறந்து கிடக்கிற நம் வீட்டு ஹோல் கொடுக்காது. மாரியில் தரை ஈரம் ஏறினால் எம்டிஎஃப் ஊதிவிடும் என்பதால் கால் வைத்து உயர்த்த வேண்டும்.

டூ பொயின்ட் வன் செற்றைப் பற்றிப் பேச அதிகமில்லை. சின்ன ஸ்பீக்கர்களையும் பெட்டியையும் சேர்த்தே செய்தது, அதன் சப்பை உங்கள் ஸ்டீரியோவோடு இணைக்கப் போய் மண்டையை உடைக்காதீர்கள்.

என் ஓட்டு 230 வோல்ட்டுக்கான, ஸ்பீக்கர் வயர் ஏற்கிற புது 10 அங்குலத்துக்கு. எந்த ஒலிக்குக் கீழே சப் வேலை செய்ய வேண்டும் என்று பிரிக்கிற கிரோஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள், சப்பிலுள்ள ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்து, பேஸ் எதில் கூடுதலாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். காசு போதவில்லையென்றால் றப்பர் வளையமுள்ள ஜப்பான் பழசு, ட்ரான்ஸ்ஃபோமர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசி.