ஹீப் டம்ப்பா, ஜிசி லாக்கா?

கங்கைகொண்டான் ஐடி பார்க்கில் இருப்பவர்களும், பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே சர்வர் பார்ப்பவர்களும் கேட்கும் கேள்வி இது. கசாண்ட்ரா (பல சர்வர்களில் டேட்டாவைப் பரப்பி வைக்கும், ஜாவாவில் ஓடும் டேட்டாபேஸ்) கிளஸ்டரில் ஒரு நோட், அதாவது ஒரு சர்வர், மெமரி தீர்ந்து விழுந்தால் எதை வைத்துக் காரணம் தேடுவது? ஹீப் டம்ப் என்பது ஜாவாவின் மெமரியான ஹீப்பில் அந்த நேரம் இருந்தவற்றின் நகல். ஜிசி லாக் என்பது ஜாவா தேவையற்ற மெமரியைத் துடைக்கும் (கார்பேஜ் கலெக்ஷன்) ஒவ்வொரு முறையும் எழுதும் பதிவு.

முதலில் கெர்னல் லாக்கை, அதாவது லினக்ஸின் சொந்தப் பதிவை, பாருங்கள். லினக்ஸே ப்ராசஸைக் கொன்றிருந்தால் ஹீப் டம்ப் எழுதவே நேரம் இருந்திருக்காது. கன்டெய்னரில் (டாக்கர் போன்றவற்றில்) ஓடினால் 137 என்ற எக்ஸிட் கோடு அதற்கு அடையாளம். அப்போது ஹீப்புக்கு வெளியே போன மெமரியையும் சந்தேகப்படுங்கள். ஜாவாவே பிழை எறிந்து விழுந்திருந்தால்தான் கீழே உள்ள ஒப்பீடு.

செலவு
ஜிசி லாக்: எப்போதும் ஓடலாம், சுமை தெரியாது.
டம்ப்: 16 ஜிபி ஹீப் நிரம்பியிருந்தால் ஃபைலும் ஏறத்தாழ அவ்வளவு. அதை வீட்டு இன்டர்நெட்டில் இறக்காதீர்கள். சர்வர் பக்கத்திலேயே வேறொரு மெஷினில் திறங்கள். வாடிக்கையாளர் விவரங்களும் அதற்குள் இருக்கும்.

எளிமை
லாக்: சாதாரண எடிட்டர் போதும்.
டம்ப்: அதைத் திறந்து பார்க்க எக்லிப்ஸ் மெமரி அனலைசர் என்ற கருவி பழக வேண்டும்.

கிடைக்கும் விடை
லாக்: எப்போது, எவ்வளவு வேகமாக என்று சொல்லும். ஃபுல் ஜிசி (ஹீப் முழுவதையும் துடைப்பது) முடிந்தும் மிஞ்சும் அளவு மணிக்கு மணி ஏறினால் கசிவு, அதாவது விடுவிக்கப்படாமல் சேரும் மெமரி. சட்டென்று ஏறினால் பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய குவெரி.
டம்ப்: யார் என்று சொல்லும். எந்தத் த்ரெட் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை), எந்த டேபிளின் வீங்கிய பார்ட்டிஷனை (ஒரே கீயின் கீழ் சேரும் வரிசைகளை) பிடித்துக்கொண்டிருந்தது என்பது வரை போகலாம்.

தினசரிக் கண்காணிப்புக்கு லாக் போதும். அதே நோட் மறுபடி விழுந்தால் டம்ப் இல்லாமல் முடியாது. விழும்போது தானாக எழுதும்படி ஜேவிஎம்மில் (ஜாவாவை ஓட்டும் மென்பொருளில்) வைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நோடில் கையால் எடுத்தால் அது உறைந்து நிற்கும், மற்ற நோடுகள் அதைச் செத்ததாக எண்ணிவிடும்.